பழைய ஆட்டோமேட்டிக் காரின் கூலர் லைன்: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டிய இரண்டு குழாய்கள்

ஆட்டோமேட்டிக் கார் பழசாகிவிட்டால், வைத்திருப்பவருக்கு ஒரு பயம் கூடவே வந்துவிடும். கியர் விழக் கொஞ்சம் தாமதமானாலோ, காலையில் வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தாலோ, "கியர்பாக்ஸ் போச்சு" என்று மனசு முடிவு கட்டிவிடும். பல ஒர்க்‌ஷாப்களிலும் அதே பேச்சுதான். ஆனால் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து கிளம்பி ரேடியேட்டர் வரை போய்த் திரும்பும் இரண்டு மெல்லிய குழாய்கள். கூலர் லைன் என்பது இவற்றைத்தான். ஒன்றில் ஆயில் போகிறது, மற்றொன்றில் திரும்பி வருகிறது. தடிமன் 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். இவற்றில் கோளாறு என்றால் சரிசெய்யும் செலவு சின்னது. கவனிக்காமல் விட்டால் வரும் செலவு பழைய காரின் விலையையே தொட்டுவிடும்.

முதலில், கியர்பாக்ஸுக்கு எதற்குக் கூலர்? மேனுவல் வண்டியில் இன்ஜினையும் கியரையும் கிளட்ச் பிளேட் நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. மூடிய ஒரு உருளைக்குள் இறக்கைகள் கொண்ட சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். இன்ஜின் சுற்றும் சக்கரம் ஆயிலை வீசி எறிகிறது. அந்த வேகத்தில் எதிரில் உள்ள சக்கரம் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதவரை, இடையில் ஆயில் கலங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும். நெரிசலில் நின்று நின்று நகரும்போதும், மலை ஏறும்போதும், பாரம் இழுக்கும்போதும் இந்தச் சூடு அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, கன்வெர்ட்டருக்குள் லாக்கப் கிளட்ச் உள்ள வண்டி என்றால், அது பிடித்துக்கொண்டு சூட்டைக் குறைத்துவிடும்.

ஏ.டி.எஃப். என்று சொல்லும் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை வசதியான வெப்பம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. துல்லியமான விதி இல்லை என்றாலும் போக்கு அதுதான். 120 டிகிரியில் தினமும் வேகும் ஆயில் கருத்துப்போய், தீய்ந்த வாடை அடிக்க ஆரம்பிக்கும். சீல்கள் விறைத்துவிடும்.

அதனால்தான் கார் கம்பெனிகள் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறிய கூலரை வைத்துவிட்டன. 1990களின் டொயோட்டா கொரோல்லாவை எடுத்துக்கொள்வோம். இலங்கைச் சாலைகளில் இன்றைக்கும் நிறைய ஓடும் வண்டி இது. இதில் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் கூலர் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து இரும்புக் குழாய் வருகிறது. கடைசிப் பகுதியில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு ரப்பர் ஹோஸ் போட்டு, ஸ்பிரிங் கிளிப்பால் பிடித்திருப்பார்கள். இன்ஜின் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. அந்த அசைவை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கூலர் ரேடியேட்டரின் பக்கத்தொட்டிக்குள் இருக்கும். அங்கே ரப்பர் இல்லாமல், இரும்புக் குழாயை நட் போட்டு நேராக முறுக்கியிருப்பார்கள்.

"ரேடியேட்டரில் ஓடும் கூலன்டே (இன்ஜினை ஆற்றும் திரவம்) கொதிக்கிற மாதிரி இருக்கிறதே, அதில் வைத்தால் ஆயில் எப்படி ஆறும்?" என்று பலர் கேட்பதுண்டு. கூலர் இருப்பது ரேடியேட்டரில் காற்று பட்டுக் கொஞ்சம் ஆறிவந்த கூலன்ட் இருக்கும் பக்கத்தில். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் அதைவிடச் சூடு. அந்த வித்தியாசம் போதும். குளிர் நாட்டில் காலை நேரத்தில் இதே அமைப்பு தலைகீழாகவும் உதவுகிறது. ஜில்லென்று கிடக்கும் ஆயிலைச் சூடாகிவரும் கூலன்ட் வேலை செய்யும் வெப்பத்துக்குக் கொண்டுவருகிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது அடுத்த விஷயம். பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பிவரும் ஆயில் நேராக அடியில் உள்ள சட்டிக்குப் போய் விழுவதில்லை. உள்ளே இருக்கும் பிளானெட்டரி கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகாக முதலில் போகிறது. அதாவது கூலர் லைன் நசுங்கினால் ஆயில் சூடாவது மட்டும் பிரச்சினை இல்லை. கியர்கள் ஆயில் இல்லாமல் உலர்ந்து சுற்ற ஆரம்பிக்கின்றன. ஜாக் வைக்கும்போது இரும்புக் குழாயில் பட்டு லேசாக நெளிந்துபோனது, மாற்றிப் போட்ட ஹோஸ் வளைவில் மடங்கிக்கொண்டது, இந்த மாதிரிச் சில்லறைக் காரணங்களால் நல்ல கியர்பாக்ஸ் போய்விடும். என்னைக் கேட்டால், ஒழுகும் லைனைவிட அடைத்த லைன்தான் ஆபத்து. ஒழுகினால் தரையில் தெரியும். அடைப்பு சத்தமே போடாது.

சரி, சந்தேகம் வந்தால் எங்கே ஆரம்பிப்பது? டிப்ஸ்டிக்கில். செலவில்லாத சோதனை, ஆனால் தப்பாகச் செய்பவர்களே அதிகம். இன்ஜின் ஆயில் பார்ப்பது போல இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் அளவு தவறாகக் காட்டும். கொரோல்லாவில் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை தள்ளிவிட்டுப் பார்க்கில் வைக்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, சூடான நிலைக்கான கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய ஹோண்டாக்களில் முறை வேறு: இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பழைய கிறைஸ்லர் டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ்களில் பார்க்கில் வைத்தால் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயிலே போகாது. அதனால் நியூட்ரலில் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும்.

அளவு குறைந்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். அழுத்தம் விழும், இன்ஜின் உறுமும் ஆனால் வண்டி நகராது. அளவு கூடிப்போனாலும் தொல்லைதான். சுழலும் கியர்கள் ஆயிலை நுரைக்க வைத்து, கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் (காற்று போய்வரும் சிறு குழாய்) வழியாக வெளியே தள்ளிவிடும். அதைப் பார்த்து லீக் என்று நினைத்து, மேலும் ஊற்றுபவர்களும் உண்டு.

அளவு குறைகிறது என்று உறுதியானால், எங்கே போகிறது என்று தேட வேண்டும். ஏ.டி.எஃப். சிவப்பு நிறம். ஆனால் சிவப்பெல்லாம் ஏ.டி.எஃப். இல்லை. டொயோட்டாவின் கூலன்டே சிவப்பு. போதாக்குறைக்கு, அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏ.டி.எஃப்.தான், டெக்ஸ்ரான் என்ற வகை. சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கரைந்து போனால் கூலன்ட். மிதந்தால் ஆயில். ஆயில்தான் என்றால், ஸ்டீயரிங் டப்பாவில் இருக்கும் அளவை மார்க்கர் பேனாவால் குறித்து வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

ஈரமான இடத்தைக் கண்டதும் அங்கேதான் ஓட்டை என்று நினைப்பது அடுத்த தவறு. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ரேடியேட்டர் அருகே ஒரு கிளிப்பில் கசிந்தது, கியர்பாக்ஸ் சட்டி முழுக்கப் பரவி நிற்கும். பார்ப்பவர் சட்டியின் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, மறுவாரம் அதே சொட்டைப் பார்த்துத் தலையைச் சொறிவார். ஈரத்தில் எது எல்லாவற்றையும்விட மேலேயும் முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் ஆரம்பம். டிகிரீசர் அடித்து எல்லாவற்றையும் கழுவிக் காயவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் வெள்ளை டிஷ்யூ பேப்பருமாகக் குழாயின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டே போவதுதான் நம்பகமான வழி. வண்டிக்குக் கீழே போவதென்றால் ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்கவே கூடாது.

தடவும்போது விரல் நிற்க வேண்டிய இடங்கள் சில. ரப்பர் ஹோஸ் முடியும் இடத்தில், கிளிப்புக்கு ஒட்டிய வளைவை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி எழும். கெட்டது பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும், வளைத்தால் மேல்தோலில் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். உருண்டையாகப் புடைத்து மெத்தென்று இருந்தால் அதுவும் கெட்டதுதான். ஆயில் உள்ளே ஊறிவிட்டது. ஸ்பிரிங் கிளிப் இருபது வருடத்தில் இறுக்கம் இழந்து, கையால் சுற்றினாலே சுற்றும். இரும்புக் குழாயில், பிராக்கெட் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு அடியில் பார்க்க வேண்டும். அங்கேதான் சேறும் ஈரமும் தங்கித் துரு பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கிளாம்பைக் கழற்றினால் குழாய் செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். டொராண்டோ போல, பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். புதிய அமெரிக்க வண்டிகளில் நட்டுக்குப் பதிலாக, தள்ளினால் பூட்டிக்கொள்ளும் இணைப்புகள் வந்தன. அவற்றில் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கும் கம்பிக் கிளிப்பும்தான் பலவீனம்.

ஒழுகல் சின்னதாக இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், தீ. லைனுக்குப் பக்கத்திலேயே சைலன்சர் பைப்பும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் ஆயில் பீய்ச்சினால் முதலில் புகை, அப்புறம் நெருப்பு. 2014 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் சில்வராடோ, சியரா, டாஹோ உள்ளிட்ட ஏறக்குறைய 4.9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். கூலர் லைன் இணைப்பில் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம் என்ற சந்தேகம். அவை புத்தம்புது வண்டிகள்.

ஒழுகல் எங்கும் இல்லை, அளவும் சரியாக இருக்கிறது, ஆனாலும் வண்டி சூடானதும் கியர் வழுக்குகிறது என்றால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இரண்டு லைனின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். கையால் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். போகும் லைன் சூடாகவும் திரும்பும் லைன் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் கூலர் வேலை செய்கிறது. ஒன்று கொதித்து, மற்றொன்று ஏறக்குறைய வெளிக்காற்றின் வெப்பத்தில் இருந்தால் ஆயில் ஓடவில்லை. இரண்டும் ஒரே மாதிரி கொதித்தால் ஆயில் ஓடுகிறது, ஆறவில்லை. அப்போது குற்றவாளி ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் பக்கம் இருக்கலாம்.

உறுதிப்படுத்த ஓட்டச் சோதனை இருக்கிறது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். எது திரும்பும் லைன் என்று முதலில் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதைக் கியர்பாக்ஸ் பக்கத்தில் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி, லிட்டர் கோடு போட்ட டப்பாவுக்குள் விட வேண்டும். ஒருவர் டப்பாவைப் பிடிக்க, மற்றவர் பார்க்கில் (முன்னே சொன்ன டார்க்ஃபிளைட் என்றால் நியூட்ரலில்) வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்கிறார். ஐடிலில் 20 முதல் 30 நொடிக்குள் சுமார் ஒரு லிட்டர் வர வேண்டும். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும் என்றாலும் பெரும்பாலான பழைய கார்களுக்கு இது ஒத்துவரும். ஓட்டம் விட்டுவிட்டு வந்தாலோ, காற்றுக் குமிழ் கலந்து வந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். 30 நொடிக்கு மேல் ஓட்டவே வேண்டாம், சட்டி காலியாகிவிடும். ஆயில் சூடாக இருக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

குறைவாக வந்தால் சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. வெளியே எடுத்த அளவு ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு, இம்முறை போகும் லைனைக் கூலருக்கு முன்னால் கழற்றி அதே மாதிரி பார்க்க வேண்டும். அங்கே தாராளமாக வருகிறதா? அப்படியானால் கியர்பாக்ஸ் பம்ப் நன்றாக இருக்கிறது, கூலரோ திரும்பும் குழாயோ அடைத்திருக்கிறது. அங்கேயும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? அப்போது ஃபில்டர், பம்ப், கன்வெர்ட்டர் என்று கியர்பாக்ஸுக்குள் பார்க்க வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: கூலர் ஓட்டம் எவ்வளவு வந்தது?

எல்லாவற்றிலும் மோசமான கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் ரேடியேட்டருக்குள் நடக்கிறது. கூலரின் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் ஆயிலும் கூலன்டும் சந்திக்கும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக ஆயிலின் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் கூலன்டுக்குள் போகும். அணைத்ததும் ஆயிலின் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். சூடான ரேடியேட்டரிலோ மூடி தாங்கும் அழுத்தம், ஏறக்குறைய ஒரு பார், இன்னும் நிற்கும். இப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். வண்டி வாசலில் சும்மா நிற்கும்போது கெடுதல் நடக்கிறது. தரையில் ஒரு சொட்டு இருக்காது.

அடையாளம் இரண்டு பக்கமும் தெரியும். கூலன்ட் டப்பாவில் பிசுபிசுப்பாக ஆடை படியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ் மில்க் போல நுரைத்த இளஞ்சிவப்பில் வரும். இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் போனாலும் கூலன்டில் ஆயில் கலக்கலாம் என்பதால், டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் ரேடியேட்டரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகள் அமெரிக்காவில் இந்தக் கோளாறுக்குப் பேர் போனவை. அந்த ரேடியேட்டர்களுக்கு நிசான் வாரன்டியை நீட்டிக்க வேண்டி வந்தது.

ரோஸ் நிறம் கண்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சு காகிதம் போன்ற பொருள். தண்ணீரை உறிஞ்சி ஊதும், கூலன்டில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம், அதை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் புது ரேடியேட்டர் போட்டு, லைனைக் கழுவி, ஆயிலைப் பலமுறை மாற்றிச் சிலர் தப்பித்திருக்கிறார்கள். அந்த நிலையில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வந்தால், கழுவினால் சரியாகும் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

ரிப்பேர் என்று வந்தால், ரப்பர் ஹோஸ்தான் சுலபம். ஆனால் கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸை வாங்கி மாட்டாதீர்கள். ஆட்டோமேட்டிக் கூலருக்கென்றே ஹோஸ் வருகிறது, மேலே எஸ்.ஏ.இ. ஜே1532 (SAE J1532) என்று அச்சிட்டிருக்கும். சூடான ஏ.டி.எஃப்.பைத் தாங்கும் ரப்பர் அதில்தான். கிளிப்பை, குழாய் நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டி மாட்ட வேண்டும். நட் போட்ட லைனைக் கழற்றும்போது ரேடியேட்டர் பக்கத்து இணைப்பை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒற்றை ஸ்பானரால் திருப்பினால் உள்ளே இருக்கும் கூலரின் கழுத்தே முறுகிக் கிழிந்துவிடும். பத்து நிமிட வேலை ரேடியேட்டர் மாற்றும் வேலையாகிவிடும். துருப்பிடித்த இரும்புக் குழாய்க்கு அதே அளவில் இரும்போ, செம்பு-நிக்கல் கலவைக் குழாயோ போட்டு, நுனியை இரட்டை ஃபிளேர் செய்வதுதான் (இரண்டு மடிப்பாகப் புனல்போல் விரிப்பது) முறை. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். ஃபிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதில் அடைப்பது மரையல்ல, ஃபிளேரின் முகம். டேப்பின் நூல் ஒன்று பிய்ந்து, கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடிக்குள் போனால் புதுக் கோளாறு.

கடைசியாக, கியர்பாக்ஸை உண்மையிலேயே ரீபில்ட் செய்ய நேர்ந்தவர்களுக்கு. பழைய கியர்பாக்ஸ் தேய்ந்தபோது உதிர்ந்த இரும்புத்தூளும் கிளட்ச் துகளும் கூலருக்குள்தான் போய்த் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் புது கியர்பாக்ஸை மாட்டினால், அந்தக் குப்பை முதல் நாளே மசகு வழியில் உள்ளே வரும், அல்லது கூலரை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும். ஆகவே லைனையும் கூலரையும் ஆயில் போகும் திசைக்கு எதிராகவும் நேராகவும் கழுவச் சொல்லுங்கள். ரேடியேட்டர் பழசு என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. வண்டியை எடுக்கும் முன் அந்த ஒரு லிட்டர் ஓட்டச் சோதனையை உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லி, வந்த அளவையும் ஆன நொடியையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.